முதல் நாவலைத் தொடரா போடலாமா, பதிப்பகத்துக்கு அனுப்பலாமா, நாமளே போட்டுக்கலாமா?

நாவல் எழுத ஆசைப்படுறவங்களுக்கு நாலு அத்தியாயம் முடிக்கிறதுக்குள்ளயே எங்க போடுறதுங்கற யோசனை வந்துடுது. பிரதிலிபி மாதிரி தொடர்கதை ஆப்ல வாரம் ரெண்டு அத்தியாயமா போடலாமா, அமேசானோட கிண்டில்ல மின்புத்தகமா ஏத்திடலாமா, இல்ல பேசாம ஜனவரி புத்தகக் காட்சிக்கு புக்காவே கொண்டுவந்துடலாமான்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். முதல்ல எழுதி முடிங்கப்பான்னு பெரியவங்க அதட்டுவாங்க. எனக்கு அப்படி அதட்டத் தோணல. எங்க போடப்போறோம்ங்கறது எப்படி எழுதுறோம்ங்கறதை நிஜமாவே மாத்திடுது, அதனால ஆரம்பத்துலயே ஒருதடவை உக்காந்து யோசிச்சு முடிவு பண்றதுல தப்பில்ல, தினமும் அதையே யோசிச்சுக்கிட்டிருந்தாதான் தப்பு. அட்டைப்படம் வரைய ஆளு பாத்து, விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம்னு லிஸ்ட் போட்டு, கதை மட்டும் அம்பது பக்கத்துல நிக்கிறது இருக்கே, அது சத்திரம் புக் பண்ணிட்டு பொண்ணு தேடுற கதை.

நான் ரெண்டு மூணு சின்ன பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பாத்துக் கொடுக்குற ஆளு, அதாவது புரூஃப். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாவல் எந்தக் கோலத்துல வந்து சேருதுன்னு தெரியுற இடம் அது, அங்க பாத்ததை வச்சுத்தான் இதை எழுதுறேன். நான் வச்சிருக்குற அளவுகோல் ஒண்ணுதான்: ஒரு வழியில போய்ப் பாத்து சரிப்பட்டு வரலேன்னா, அதே நாவலைத் தூக்கிக்கிட்டு இன்னொரு வழிக்கு வர முடியுமா? எவ்வளவு காசு வரும், எத்தனை பேரு படிப்பாங்கங்கறதெல்லாம் அதுக்கப்புறம். முதல் நாவலுக்கு ரெண்டுமே பெருசா வரப்போறதில்ல, இப்பவே சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க.

தொடரா எழுதுறது

தொடர்ல இருக்குற பெரிய லாபம், நாவல் முடியும். வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தியாயம் போட்டாகணும், முப்பது நாப்பது பேரு காத்துக்கிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா கை தானா ஓடும். தனியா வேர்ட் ஃபைல்ல எழுதுறவங்க நிறையப் பேரு அறுபது எழுபதாம் பக்கத்துல நின்னுடுறாங்க. ஆரம்பத்துல இருந்த குஷி தீந்துபோயிருக்கும், முடிவு கண்ணுக்கே தெரியாது, ஹீரோயினை ஊருக்குக் கூட்டிட்டு வந்தாச்சு இனிமே என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிற இடம் அது. தொடர் எழுதுறவங்களை அந்த இடத்துல வாசகருங்க பிடிச்சுத் தள்ளிக் கொண்டுபோய்டுறாங்க. எந்த அத்தியாயத்துல ஆளுங்க கழண்டுக்குறாங்கன்னும் உடனே தெரிஞ்சுடும், எந்தப் பட்டறையில காசு கட்டினாலும் இது கிடைக்காது. குடும்ப நாவல், காதல் நாவல் எழுதுறவங்களுக்கு அங்க இருக்குற வாசகக் கூட்டம் சாதாரணம் இல்ல, பெரும்பாலும் பெண்கள், வேலைக்குப் போற பஸ்லயும் சமையல் முடிச்ச அரை மணி நேரத்துலயும் படிக்கிறவங்க. இலக்கியக்காரங்க இதைப் பாத்து மூஞ்சியைச் சுளிப்பாங்க. சுளிச்சுக்கட்டும்.

ஆனா அந்தத் தொடர் புத்தகமாக வர்றப்போ நடக்குறது வேற. அப்படி ஒரு ஃபைல் கைக்கு வந்தா நான் முதல்ல ஒவ்வொரு அத்தியாயத்தோட கடைசி வரியை மட்டும் பாத்துக்கிட்டே போவேன். ஒரு நாவல்ல வரிசையா அஞ்சு அத்தியாயம் போன் அடிக்கிறதுல முடிஞ்சுது. முதல்ல ‘திரையில் தெரிந்த பெயரைப் பார்த்ததும் அவள் உறைந்துபோனாள்’, அடுத்ததுல அவன் உறைஞ்சான், அதுக்கடுத்ததுல மாமியாரு உறைஞ்சாங்க. வாரா வாரம் படிச்சப்போ யாருக்கும் இது தெரிஞ்சிருக்காது, ஒரே மூச்சுல படிச்சா சிரிப்பு வந்துடுது. ஏழாம் அத்தியாயத்துல சரோஜாவா இருந்த அத்தை முப்பத்திரெண்டுல சுலோச்சனா ஆயிட்டாங்க. எல்லா அத்தியாயமும் போன வாரம் நடந்ததை நாலு வரியில ஞாபகப்படுத்திட்டுத்தான் ஆரம்பிக்குது. வில்லனா வந்த சித்தப்பா மேல வாசகருக்குப் பாசம் வந்து, ‘சித்தப்பாவை மன்னிச்சிடுங்க ரைட்டர் ப்ளீஸ்’னு கேக்க ஆரம்பிச்சதும் மனுஷன் திடீர்னு நல்லவராயிட்டாரு, அவரு பண்ணின நில மோசடி என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் கதையில ஒருத்தரும் கேக்கல, பாதிக்கப்பட்ட ஹீரோவே கேக்கல.

இதெல்லாம் திருத்துறதுக்குத்தானே இருக்குன்னு நீங்க கேக்கலாம். திருத்தலாம், ஆனா மனசு வராது. ஏற்கனவே நூறு பேரு சூப்பர் சிஸ், அழ வச்சிட்டீங்கன்னு சொன்ன அத்தியாயத்தை ஒரு புரூஃப் ரீடர் சொன்னான்னு யாரு வெட்டுவாங்க. பாராட்டு வந்த பக்கம் கல்வெட்டு மாதிரி ஆயிடுது, எழுதினவங்களே அதுல கை வைக்க பயப்படுறாங்க. தொடர்ல நான் பாக்குற நிஜமான ஆபத்து இதுதான், சரோஜா சுலோச்சனா குழப்பமெல்லாம் ஒரு மத்தியானத்துல சரி பண்ணிடலாம்.

கல்கி தொடர்தானே எழுதினாருன்னு உடனே ஒருத்தர் சொல்லுவாங்க. ஆமா, பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 மே வரைக்கும் வாரா வாரம் வந்துச்சு. ஆனா அதுல கை வைக்கிறப்போ அவரு பார்த்திபன் கனவையும் சிவகாமியின் சபதத்தையும் எழுதி முடிச்சவரு, பத்திரிகையும் அவரோடது. அவரையே வாசகருங்க விடல, இவங்களுக்கு என்ன ஆச்சு அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டதுக்குக் கடைசியில முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஜெயமோகன் வெண்முரசை 2014 ஜனவரியில இருந்து 2020 ஜூலை வரைக்கும் தினமும் இணையத்துல போட்டாரு, 26 நாவல். அதுக்கு முன்னாடி அவரு நாவல் எழுத ஆரம்பிச்சு பல வருஷம் ஆகியிருந்துது. முதல் நாவலையே தொடரா எழுதினவருக்கு உதாரணம் வேணும்னா ராஜம் ஐயரைத்தான் சொல்லணும், இருபது வயசு தாண்டின கொஞ்ச நாள்ல, 1893-ல இருந்து 1895 வரைக்கும் விவேக சிந்தாமணிங்கற பத்திரிகையில கமலாம்பாள் சரித்திரம் எழுதினாரு. முதல் பாதியில கிராமத்து வம்பும் புருஷன் பொண்டாட்டி சண்டையும் அப்படியே உயிரோட இருக்கும், பின்பாதி வேதாந்தத்துக்குத் திரும்பிடும். அதை விமர்சகருங்க இன்னிவரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. தொடர்னால அப்படி ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மாசாமாசம் அச்சுக்குப் போயிட்ட பக்கத்தைத் திரும்பக் கூப்பிட முடியாதுங்கறது அவருக்கும் பொருந்தும்தானே.

திரும்பி வர முடியுமாங்கற கேள்விக்கு வர்றேன். தொடரா முழுசும் இணையத்துல வந்த நாவலை எடுக்கச் சில பதிப்பாளருங்க தயங்குவாங்க, சிலர் அதுக்குன்னே கூட்டம் இருக்குன்னு சந்தோஷமா எடுத்துப்பாங்க, இது நீங்க எழுதுற ரகத்தைப் பொறுத்தது. குடும்ப நாவல்னா தொடர் உங்களுக்குப் பலம். மத்தபடி கொஞ்சம் யோசிக்கணும். நீங்க தளத்துல இருந்து எடுத்தாலும் யாராவது பிடிஎஃப் ஆக்கி டெலிகிராம்ல சுத்த விட்டிருப்பாங்க, அதைக் கூப்பிடவே முடியாது.

நடுவுல ஒரு வழி இருக்கு. முழுசும் எழுதி, ஒருதடவை திருத்தி முடிச்சிட்டு, அப்புறமா வாரம் ரெண்டா தொடர் போடுறது. கமெண்ட் வந்தாலும் சித்தப்பா நல்லவராக மாட்டாரு, ஏன்னா முடிவு ஏற்கனவே உங்க கையில இருக்கு. ஆனா முடிக்க வைக்கிற அந்த நெருக்கடி இதுல போயிடும், தனியா உக்காந்துதான் முடிக்கணும். உங்களால தனியா முடிக்க முடியுமா முடியாதாங்கறதை நீங்கதான் உங்களுக்கு நேர்மையா சொல்லிக்கணும். இதுக்கு முன்னாடி எழுத ஆரம்பிச்ச மூணு கதையும் பாதியில கிடக்குதுன்னா நேரடியா தொடருக்கே போயிடுங்க, அரைகுறையா முடிஞ்ச நாவல் கூட முடியாத நாவலை விட உங்களுக்கு நிறையக் கத்துக்கொடுக்கும்.

முழுசா எழுதி பதிப்பகத்துக்கு அனுப்புறது

தமிழ்ல வெளிநாடு மாதிரி, எழுத்தாளருக்காகப் பதிப்பகத்துக்கிட்ட பேசுற இலக்கிய ஏஜென்ட் வழக்கம் கிடையாது, அதனால நேரடியா பதிப்பகத்துக்கே மெயில் போடலாம். இது நல்ல விஷயம், நிறையப் பேருக்கு இதுவே தெரியாது, யாராவது பெரிய எழுத்தாளர் சிபாரிசு பண்ணினாத்தான் ஃபைலையே திறப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. சிபாரிசு இருந்தா சீக்கிரம் திறப்பாங்க, அவ்வளவுதான்.

அனுப்புறதுக்கு முன்னாடி அந்தப் பதிப்பகம் போட்ட நாவல் ரெண்டாவது படிச்சிருங்க. நாகர்கோவில்ல இருக்குற காலச்சுவடுக்கு ஒரு ருசி, பொள்ளாச்சியில இருக்குற எதிர் வெளியீட்டுக்கு ஒரு ருசி, ரமணிசந்திரன் நாவல் போடுற அருணோதயத்துக்கு முழுசா வேற ருசி. எல்லாருக்கும் ஒரே மெயிலை சிசி போட்டு அனுப்புறவங்க இருக்காங்க, அது அங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும், மரியாதையா இருக்காது. ஒரு பக்கத்துல கதைச் சுருக்கம், முடிவையும் சேத்து எழுதணும், சஸ்பென்ஸ் வைக்கக் கூடாது, கூட முழு ஃபைல், யூனிகோட்ல. இன்னும் பழைய பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்சு அனுப்புறவங்க இருக்காங்க, மாத்துறப்போ ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம் துணைக்கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போய்டும், அதை ஒவ்வொண்ணா ஒட்டுற ஆளு நான்தான்ங்கறதால கொஞ்சம் கோவத்தோடவே சொல்றேன்.

எப்ப அனுப்புறதுங்கறதும் முக்கியம். அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் எல்லாரும் சென்னை புத்தகக் காட்சிக்கு ஓடிக்கிட்டிருப்பாங்க, அட்டை வரல, பைண்டிங் முடியல, ஸ்டால் நம்பர் வரலன்னு, அப்போ வர்ற மெயிலை யாரும் பாக்க மாட்டாங்க. பிப்ரவரி கடைசி, மார்ச்ல அனுப்புங்க. பதில் வர மூணு மாசமும் ஆகலாம் ஆறு மாசமும் ஆகலாம், வராமலே போகவும் செய்யும். இந்த மௌனம்தான் புதுசா எழுதுறவங்களை உடைச்சுப் போடுது. தொடர்ல போட்டு ராத்திரிக்குள்ள முப்பது கமெண்ட் பாத்துப் பழகினவங்களுக்கு இது இன்னும் கஷ்டம். அவங்க உங்களை வேண்டாம்னு சொல்லல, பெரும்பாலும் திறக்கவே இல்ல. மூணு மாசம் கழிச்சு ஒரே ஒருதடவை பணிவா கேளுங்க, அதுக்கப்புறம் அடுத்த பதிப்பகம். இதுக்கு நடுவுல ரெண்டாவது நாவலை ஆரம்பிச்சிருக்கணும், மெயில் பெட்டியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குற ஆறு மாசத்துல கையே மறந்துபோயிடும்.

காசுக் கணக்கு சொல்றேன். பொதுவா ராயல்டி 10 சதவீதம். 300 ரூபா விலை போட்ட நாவல் 300 பிரதி வித்தா உங்களுக்கு 9,000 ரூபா, அதுவும் வருஷக் கடைசியில கணக்கு வந்தா. ஒரு காலத்துல 1,000, 1,200 பிரதின்னு அடிச்சவங்க இப்போ புது ஆளு நாவலை 200, 300னு அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் தேவைப்பட்டா மறுபடி அடிக்கிறாங்க. நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு வாங்குற ஆர்டர், கிடைச்சா கொஞ்சம் பெரிய எண்ணிக்கை போகும், அது எப்ப வரும்னு பதிப்பாளருக்கே தெரியாது. ஆக காசுக்காக இந்த வழிக்கு வர வேண்டாம்.

வேற என்னதான் கிடைக்குது? நல்ல பதிப்பகமா இருந்தா உங்க நாவலை உங்க சொந்தக்காரர் இல்லாத ஒருத்தர் பென்சிலோட படிப்பாரு. இதோட மதிப்பு புதுசா எழுதுறவங்களுக்குத் தெரியுறதில்ல. போன வருஷம் ஒரு ஃபைல்ல ஒரு கொங்கு வட்டாரத்துப் பெரியவர் முதல் பக்கத்துல ‘ஏனுங் கண்ணு, எப்ப வந்தீங்க’ன்னு பேசினவரு நாப்பதாம் பக்கத்துல ‘ஏல, எப்பம் வந்த’ன்னு திருநெல்வேலிக்குப் போயிட்டாரு. எழுதினவரு ஊரு கோவில்பட்டி, சண்டைக் காட்சி எழுதறப்போ கோவத்துல அவரோட சொந்தப் பேச்சு உள்ள வந்துடுச்சு. எடிட்டர் அதைத் திருத்தல, ஓரத்துல ‘இவரு எந்த ஊர்க்காரரு?’ன்னு மட்டும் எழுதி அனுப்பினாரு. எழுதினவரு யோசிச்சுட்டு, அந்தப் பெரியவரு சின்ன வயசுல திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவருன்னு மாத்திட்டாரு, கோவம் வந்தா மட்டும் பழைய பேச்சு வரும். நாவல்லயே நல்ல ஆளா அவருதான் நின்னாரு. இந்த மாதிரி ஒரு கேள்வி கமெண்ட்ல வராது, கிண்டில்ல வராது, பணம் வாங்கிக்கிட்டு அச்சடிச்சுத் தர்ற இடத்துல கண்டிப்பா வராது. சரி, எல்லாப் பதிப்பகத்துலயும் இப்படி எடிட்டர் இருக்காரான்னா இல்ல. நேரா என்கிட்ட புரூஃபுக்கு வந்து, நான் ஒற்றுப் பிழை பாத்துக் கொடுத்து, அப்படியே அச்சுக்குப் போற நாவலும் நிறைய. அதனால அனுப்புறப்போவே கேளுங்க, யாரு எடிட் பண்ணுவாங்கன்னு. கேக்குறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க.

எவ்வளவு நீளம் எழுதணும்னும் கேக்குறாங்க. நாவலுங்க வழக்கமா வர்ற டெமி சைஸ்ல ஒரு பக்கத்துக்கு சுமாரா 220 வார்த்தை வரும், 50,000 வார்த்தை எழுதினா 230 பக்க நாவல், முதல் நாவலுக்குத் தாராளம். இங்கிலீஷ் ஆளுங்க சொல்ற 80,000, 90,000 கணக்கெல்லாம் நமக்கு எடுத்துக்க வேண்டாம், தமிழ்ல வார்த்தைங்க ஒட்டிக்கிட்டு வர்றதால எண்ணிக்கை குறைச்சலாத்தான் இருக்கும். நாளைக்கு 400 வார்த்தை, வாரத்துக்கு அஞ்சு நாள்னா அரை வருஷத்துல முதல் வரைவு கையில இருக்கும். நவம்பர் மாசம் ஒரே மாசத்துல 50,000 எழுதுற சவால் அமெரிக்காவுல 1999-ல ஆரம்பிச்சு உலகம் முழுக்கப் பரவுச்சு, தினமும் 1,667 வார்த்தை, வேலைக்குப் போய்க்கிட்டு தமிழ்ல அதைப் பண்ணணும்னு நெனச்சா ரெண்டாவது வாரம் ஜுரம் வந்துடும். நிதானமாவே போங்க.

நாமளே போட்டுக்கிறது

கிண்டில் என் அளவுகோல்ல நல்ல மார்க் வாங்குற வழி. இன்னிக்கு ஏத்தினதை நாளைக்கு மாத்தலாம், பிழை கண்டுபிடிச்சா புது ஃபைல் போடலாம், விலையைக் குறைக்கலாம், வேண்டாம்னா எடுத்துடலாம், செலவும் இல்ல. ராயல்டி 35 சதவீதம் இல்ல 70 சதவீதம்னு ரெண்டு திட்டம், இந்தியாவுல விக்கிறதுக்கு 70 வேணும்னா கேடிபி செலக்ட்னு அமேசான் வச்சிருக்குற திட்டத்துல சேந்தாகணும். அங்கதான் கொக்கி. செலக்ட்ல சேந்தா 90 நாளைக்கு அந்த நாவல் டிஜிட்டலா வேற எங்கயும் இருக்கக் கூடாது, மாதிரிக்கு 10 சதவீதம் வேணா வச்சுக்கலாம். 90 நாள் முடிஞ்சதும் தானா புதுப்பிக்கட்டும்ங்கற டிக்கை நீங்க எடுக்கலேன்னா அதுவே புதுப்பிச்சுக்கும். ஆக பிரதிலிபியில இலவசமா கதை கிடக்குறப்போ செலக்ட்ல போடுறது விதிமீறல், இது தெரியாம கணக்கையே முடக்கிக்கிற அளவுக்கு வம்பு வரலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அதைத் தாராளமா போட்டுக்கலாம்.

வாசகருங்க சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்ல எத்தனை பக்கம் படிச்சாங்களோ அதுக்குத்தான் காசு, அதனால நீளமான, விடாம படிக்க வைக்கிற நாவலுங்க அங்க நல்லா போகும், குறிப்பா வரிசையா நாலஞ்சு எழுதினவங்களுக்கு. ஒரே ஒரு நாவலை ஏத்திட்டு உக்காந்தா யாரும் வந்து எட்டிப் பாக்க மாட்டாங்க. எடிட்டரும் கிடையாது. உங்க கையில பத்து பதினஞ்சாயிரம் செலவழிக்க இருந்தா விளம்பரத்துக்குப் போடாம, எடிட் பண்ணித் தர்ற ஒருத்தருக்கும் அட்டை வரையுறவருக்கும் கொடுங்க.

அச்சுல வேணும்னா பிரிண்ட் ஆன் டிமாண்ட் இருக்கு, பெங்களூர்ல போத்தி டாட் காம், சென்னையில நோஷன் பிரஸ் மாதிரி. ஆர்டர் வர்றப்போ அடிச்சு அனுப்புவாங்க, ஒரு பிரதிக்கு செலவு கூட, ஆனா கட்டிலுக்கு அடியில கட்டுக்கட்டா அடுக்கி வைக்க வேண்டியதில்ல. பிடிஎஃப் ஆக்குறப்போ ஃபான்ட் உள்ளயே பதிஞ்சிருக்கான்னு பாத்துட்டு, ஒரு பிரதி மட்டும் வரவழைச்சு கையில வச்சுப் புரட்டிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லுங்க.

காசு வாங்கிக்கிட்டு ‘பதிப்பிக்கிறவங்க’

இது ஒண்ணுக்கு மட்டும் நான் நேராவே வேண்டாம்னு சொல்லுவேன். உங்ககிட்ட நாப்பதாயிரம் அம்பதாயிரம்னு வாங்கிக்கிட்டு, தங்களைப் பதிப்பகம்னு சொல்லிக்கிட்டு, உரிமையையும் எழுதி வாங்கிக்குற ரகம். அச்சடிக்கக் காசு கொடுக்குறது தப்பில்ல, அப்போ அவங்க அச்சகம், புத்தகம் உங்களோடது, உரிமை உங்களோடது. காசும் உங்களோடது உரிமை மட்டும் அவங்களோடதுன்னா அங்க என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. இப்பல்லாம் நேரா காசு கேக்குறதில்ல, நூறு பிரதி நீங்களே வாங்கிக்கணும்னு நாசூக்கா சொல்றாங்க, அதுவும் இதேதான்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: செலவுப் பட்டியல்ல ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள நம்பர், வாங்குறதுக்குன்னு ஒரு தொகை இருக்கான்னு பாருங்க. இந்தியாவுல ஐஎஸ்பிஎன் இலவசம், மத்திய கல்வி அமைச்சகத்துக்குக் கீழ இருக்குற ராஜா ராம்மோகன் ராய் முகமை கொடுக்குது, எழுத்தாளரே விண்ணப்பிச்சு வாங்கலாம். இலவசமா வர்ற நம்பருக்கு ரெண்டாயிரம் போடுறவங்க மத்த வரியில என்ன போட்டிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வெளியீட்டு விழா, பொன்னாடை, மேடையில பிரபலம்னு பேக்கேஜ் சொன்னா இன்னும் கவனமா இருங்க. விழா முடிஞ்ச ராத்திரி சந்தோஷமாத்தான் இருக்கும். அடுத்த வாரம் கடையில புத்தகம் இருக்கான்னு விசாரிச்சுப் பாத்தா தெரியும்.

போட்டிகளைப் பத்தி ரெண்டு வார்த்தை. நாவல் போட்டிங்க நல்லதுதான், கடைசித் தேதின்னு ஒண்ணு இருக்குறதால முடிக்க வைக்கும், நடுவர் யாருன்னு பாத்து அனுப்புங்க. பரிசு கிடைக்காத படைப்போட உரிமையும் எங்களுக்கேன்னு விதியில இருந்தா ஒதுங்கிடுங்க.

அப்போ எது?

முடிக்கிறதுதான் உங்க பிரச்சினைன்னா தொடர். குடும்ப நாவல், காதல், திகில் எழுதுறீங்க, வருஷத்துக்கு ரெண்டு மூணு எழுதுற வேகம் இருக்குன்னா தொடர்ல ஆரம்பிச்சு, அங்கிருந்து எடுத்துட்டுக் கிண்டில், கூட்டம் சேந்ததும் அச்சுன்னு போங்க, இதே வரிசையில, தலைகீழா போனா செலக்ட் விதியில மாட்டிக்குவீங்க. மூணு வருஷமா ஒரே கதை மனசுல கிடக்குது, அது உங்க ஊரைப் பத்தியோ குடும்பத்தைப் பத்தியோ யாரும் எழுதாத ஒரு தொழிலைப் பத்தியோ இருக்குன்னா அதைத் தயவுசெஞ்சு தொடர்ல செலவழிச்சிடாதீங்க, முழுசா எழுதி, ஒரு மாசம் கண்ணுல படாம வச்சு, திருத்தி, பதிப்பகத்துக்கு அனுப்புங்க. ஒரு வருஷம் நாலஞ்சு இடத்துக்கு அனுப்பியும் ஒண்ணும் நடக்கலேன்னா அப்போ கிண்டில்ல போடுங்க, அதுவரைக்கும் எந்தக் கதவும் மூடியிருக்காது. கிண்டில்ல முதல்ல போட்டுட்டு அப்புறம் பதிப்பகத்துக்குப் போறதும் நடக்குது, இல்லேன்னு சொல்லல, ஆனா எத்தனை வித்துச்சுன்னு கேப்பாங்க, இருபத்தி மூணுன்னு சொல்ல வேண்டி வந்தா நாவல் நல்லா இருந்தும் வாய் அடைச்சுப் போயிடும்.

என்னைக் கேட்டா பெரும்பாலான முதல் நாவலுக்குப் பதிப்பகம்தான் முதல் கதவு. காசுக்காகவும் இல்ல பேருக்காகவும் இல்ல, அந்த ‘இவரு எந்த ஊர்க்காரரு’ன்னு கேக்குற ஆளுக்காக.

ஒப்பந்தம் வந்தா அது ஒரு பக்கமா இருந்தாலும் உக்காந்து படிங்க. வாய்ப் பேச்சுல எதுவும் வேண்டாம். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆவது பிரிவு எழுத்தாளர் பக்கம் கொஞ்சம் நல்லாவே பேசுது: உரிமையை எழுதிக் கொடுக்குறதுன்னா எழுத்துல கையெழுத்தோட இருக்கணும், எத்தனை வருஷம்னு போடலேன்னா 5 வருஷம்னுதான் அர்த்தம், எந்த நாடுன்னு போடலேன்னா இந்தியா மட்டும், வாங்கிட்டு ஒரு வருஷம் சும்மா வச்சிருந்தா, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதி. அதனாலதான் சில ஒப்பந்தங்கள்ல ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும், எல்லா வடிவங்களிலும்’னு ஒரே வரியில அடிச்சு வச்சிருப்பாங்க. இந்தியாவுல பதிப்புரிமைக் காலம்னா எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரைக்கும், உங்க பேரப்பிள்ளைங்க தலைமுறை. அச்சு உரிமையை மட்டும் 3 இல்ல 5 வருஷத்துக்குக் கொடுங்க, மின்புத்தகம், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனியா பேசணும். பெருமாள்முருகனோட பூக்குழி தமிழ்ல வந்தது 2013, அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்கு வந்தது 2023. ஒரு நாவல் பத்து வருஷம் கழிச்சு எங்க போய் நிக்கும்னு கையெழுத்துப் போடுற அன்னிக்கு யாருக்கும் தெரியாது. சினிமா வரியையும் மொழிபெயர்ப்பு வரியையும் அடிச்சுட்டு அனுப்புறேன் சார்னு கேட்டா பதிப்பாளர் கோவிச்சுக்குவாரோன்னு புது ஆளுங்க பயப்படுறாங்க, நான் பாத்த வரைக்கும் பெருசா யாரும் கோவிச்சுக்கிட்டதில்ல, நிறைய இடத்துல அந்த ஒப்பந்தமே வேற யாருகிட்டயோ வாங்கி பேரை மட்டும் மாத்தி அடிச்சதுதான், அதுல அந்த வரி இருக்குறதே அவங்களுக்கு நீங்க சொல்லித்தான் தெரியும்.